இருபத்துமூன்றாம் கேள்வி

இரவு பதினொன்றுக்கு, ஒழுகினசேரி அறையில்,
மடிக்கணினியைத் திறந்தபடி வைத்துவிட்டுப் படுப்பேன்.
அது தன்னைத்தானே பரீட்சைக்கு உட்கார வைக்கும்.

அறுபது கேள்விகள். எல்லாம் நான் போட்டவை.
தோவாளைச் சந்தையில் தாணுலிங்கத்தின் கமிஷன் கடை,
போன வருஷத்து நீளக் கணக்கு நோட்டு,
ஈரக்கை பட்டு ஊதா மை பரவிய பக்கங்கள்.
ஆடி வெள்ளிக்கு அரளி என்ன போகும்?
மழை விட்ட மறுநாள் சம்பங்கி?
"கேந்தி கெடக்குமா?" என்று ஒருவர் கேட்டால்
கிடைக்குமா என்கிறாரா,
கிடந்து அழுகுமா என்கிறாரா?

பதில் சொல்லும். மதிப்பெண் பார்க்கும்.
தன் குறிப்பில் ஒரு வரியைக் கிள்ளும், வேறொன்றை நடும்.
மறுபடி அறுபது.
கூடினால் வைத்துக்கொள்ளும், குறைந்தால் அழித்துவிடும்,
அடி வாங்கிய முகச்சுளிப்பு கிடையாது.
விடியும்போது பழைய பெயரில் புது ஆள் இருக்கும்.

முப்பதாவது ஆள் 'அண்ணாச்சி' சொல்லக் கற்றது.
முப்பத்தைந்தாவது, "பைய சொல்லும்" என்று யாராவது கேட்டால்
எண்ணைப் பிரித்துச் சொன்னது.
ஐம்பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது.

இருபத்துமூன்று மட்டும் படியவில்லை:
திருவோணத்துக்கு முந்தின நாள், பிச்சி, கிலோ?

மலையாளக் கரையில் மழையா என்று பார்த்தது.
முகூர்த்தங்களைக் கூட்டிக் கழித்தது,
படந்தாலுமூடு தாண்டிய வண்டிகளை எண்ணியது,
எப்படிச் சுற்றினாலும் ஒரே எண்ணில் வந்து நின்றது.
காலையில் காப்பியோடு வந்து
சிவப்புக் கட்டத்தைப் பார்த்து
'ச்சே' என்பேன்.

நாற்பத்தோராம் இரவு, அறுபதுக்கு அறுபது.
தாணுலிங்கத்துக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தேன்.
அன்றே எண்ணைத் திறந்துவிட்டோம்,
பூக்காரர்கள் யாரும் எந்நேரமும் அழைக்கலாம்.

அழைத்தார்கள்.
ஓணத்துக்கு முந்தின நாள், விடியற்காலம் இரண்டு மணி,
செண்பகராமன்புதூரிலிருந்து ராஜபாய் அக்கா:
"பிச்சி என்ன வெலை போவும்? பறிக்க ஆள எறக்கவா?"
நூற்றிருபது, என்றது.
தெளிவாக, பைய, மரியாதையாக.
"பறிகூலிக்கே காணாதே."
பதிவில் கேட்கிறது அது. பிறகு ஒரு கொட்டாவி,
பிறகு போனை வைக்கும் சத்தம்.

எட்டு மணிக்குத் தாணுலிங்கம் கத்தினார்:
ஆயிரத்து இருநூறு போகுது, சரக்கில்லை,
எங்கவே போனாங்க எல்லாரும்?

அதன் குறிப்பைத் திறந்தேன். கடைசிக்கு முந்தின வரி:
'ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சி விலையில்
கடைசிச் சுழியை எடுத்துவிடவும்.
காரணம் தெரியவில்லை.
மதிப்பெண் கூடுகிறது.'

நோட்டைப் புரட்டினேன். ஊதா மையில் ஆயிரத்து இருநூறு.
என் விடைத்தாளில் நூற்றிருபது.
ஆனிச் சாரலில் மின்சாரம் வந்து வந்து போன ஒரு மாலை
நான் தட்டியது.

நாற்பது இரவு அது சரியாகச் சொன்னது.
நாற்பது காலையும் நான் தப்புப் போட்டேன்.
நோட்டைக் காட்டு என்று அது கேட்டதில்லை.
கேட்க ஒரு கட்டம்
நான் வைத்ததில்லை.

சுழியைப் போட ஒரு நொடி ஆகவில்லை.
உடனே சிவப்பாயிற்று இருபத்துமூன்று,
அறுபதில் ஐம்பத்தொன்பது,
இந்தத் தடவை நியாயமாக.

ஸ்கூட்டரில் போனேன்.
ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.
பிச்சி, மொட்டாய் இருக்கும்வரைதான் சரக்கு.
விரிந்தால் வெறும் பூ.
முக்கால் ஏக்கர் விரிந்து கிடந்தது,
வாசனை ரோடு வரைக்கும் வந்து நின்றது,
பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள்.

விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.
சுழி, விடைத்தாள், நாற்பது இரவு.
ராஜபாய் அக்கா ஒரு பூவைக் கிள்ளி
இரண்டு விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டு," என்றாள்.
"ராத்திரி பேசின பிள்ள யாரு?
நல்ல பதனமா பேசிச்சு.
அத ஒண்ணும் ஏசாதீங்க."